ஆப்புக்கு எந்த லாகின் முறை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஆப் அல்லது இணையதளம் செய்கிறவர்கள், அதிலும் முதல்முறையாகப் பயனர் கணக்கு வைக்கப்போகிறவர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். எளியதில் தொடங்கிச் சிக்கலானதற்குப் போகிறது. அவசரமாக இருப்பவர்கள் வேறு எதைத் தாண்டினாலும் ‘போன் தொலைஞ்சுபோச்சு’ என்ற கேள்வியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

ஆதென்டிகேஷன், ஆதரைசேஷன் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. வந்திருப்பவர் யார் என்று உறுதிசெய்வது முதலாவது. அவர் எதையெல்லாம் தொடலாம் என்று தீர்மானிப்பது இரண்டாவது. ஒரு பள்ளிக் கட்டண ஆப்பில் அம்மா ஓடிபி கொடுத்து உள்ளே வருவது ஆதென்டிகேஷன். அவர் தன் பிள்ளையின் ரசீதை மட்டும்தான் பார்க்க முடியும் என்பது ஆதரைசேஷன். ரசீது எண்ணை 1041-லிருந்து 1042-க்கு மாற்றியதும் வேறொரு பிள்ளையின் ரசீது திறந்தால், லாகின் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. இங்கே முதலாவதைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

எல்லாத்துலயும் எது பெஸ்ட்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

நான்கு விஷயம் தெரியாமல் சொல்ல முடியாது. பயனர் யார்? அவர் கையில் இருப்பது சொந்த போனா, பலர் தொடும் கம்ப்யூட்டரா? கணக்கு திருடுபோனால் என்ன போகும்: ஒரு விளையாட்டின் மதிப்பெண்ணா, நோயாளியின் ரிப்போர்ட்டா, பணமா? கடைசியாக, லாகின் சாதனத்தை அவர் தொலைத்துவிட்டால் எந்த வழியில் திரும்ப உள்ளே விடுவீர்கள்? பெரும்பாலானோர் முதல் மூன்றையும் யோசித்துவிட்டு நான்காவதை வெளியீட்டுக்கு முந்தைய இரவு அவசரமாக எழுதுகிறார்கள். கணக்குகள் பறிபோவது அந்த வழியாகத்தான்.

இருந்தாலும் தொடங்குவதற்கு ஒரு வரைபடம் தரலாம். பொதுமக்களுக்கான ஆப் என்றால் ஈமெயில் அல்லது போன் எண்ணில் கணக்கு, அதனோடு பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் பயனரின் சாதனம் வைத்திருக்கும் சாவி, பின்னால் விளக்கியிருக்கிறோம்). நிறுவன ஊழியர்களுக்கானது என்றால் அந்த நிறுவனம் ஏற்கெனவே வைத்திருக்கும் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். ஒருவர் வேலையை விட்டதும் அங்கே கணக்கை மூடினால் போதும், உங்கள் ஆப்பில் புதிதாக நுழைய முடியாது. உங்கள் சொந்த அட்மின் பக்கத்துக்குப் பாஸ்கீ அல்லது செக்யூரிட்டி கீ (அதே வேலையைச் செய்யும் சிறு தனிக் கருவி) கட்டாயம். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பாஸ்வேர்டுல ஒரு கேப்பிடல், ஒரு நம்பர், ஒரு ஸ்பெஷல் கேரக்டர், 90 நாளுக்கு ஒருதரம் மாத்தணும்னு வச்சா பாதுகாப்புதானே?

அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இப்படிக் கட்டாயப்படுத்தினால் மக்கள் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் ‘@123’ சேர்ப்பார்கள். 90 நாள் கழித்து அது ‘@124’ ஆகும். கள்ளச்சாவி போடும் நிரல்கள் முதலில் முயல்வதே இந்த வடிவங்களைத்தான்.

அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2025-ல் வெளியிட்ட வழிகாட்டியின் நான்காம் பதிப்பு நேரடியாகச் சொல்கிறது: பாஸ்வேர்டு மட்டுமே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்து, ஓடிபி போல இரண்டாவது காவலும் இருந்தால் 8. எழுத்து வகைக் கட்டாயம் கூடாது. கசிந்ததற்கு ஆதாரம் இருந்தாலொழிய மாற்றச் சொல்லக் கூடாது. நீளமாக வைக்க விரும்புகிறவருக்குக் குறைந்தபட்சம் 64 எழுத்து வரை இடம் கொடுக்க வேண்டும். ஒட்டும் (பேஸ்ட்) வசதியையும் தடுக்காதீர்கள். தடுத்தால் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருக்கும் ஒழுங்கானவர்தான் பாதிக்கப்படுவார்.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் செய்யுங்கள். ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டா என்று பார்த்து மறுத்துவிடுங்கள். ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ சேவை இதற்கு உதவும். ஹாஷ் என்பது பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், திரும்ப மாற்ற முடியாத எழுத்துத் தொடர்; எஸ்எச்ஏ-1 அதில் ஒரு வகை. பாஸ்வேர்டின் எஸ்எச்ஏ-1 ஹாஷில் முதல் 5 எழுத்தை மட்டும் அனுப்பினால், அதே 5 எழுத்தில் தொடங்கும் மீதி ஹாஷ்களின் பட்டியல் வரும். ஒப்பிடுவது உங்கள் சர்வரிலேயே நடக்கும், பாஸ்வேர்டு வெளியே போகாது.

பாஸ்வேர்டை என்கிரிப்ட் பண்ணித்தான் டேட்டாபேஸ்ல வச்சிருக்கோம். போதாதா?

போதாது. என்கிரிப்ட் செய்ததைத் திறக்க ஒரு சாவி இருக்கும்; டேட்டாபேஸை எடுத்தவர் அதே சர்வரிலிருந்து சாவியையும் எடுத்துவிடுவார். திரும்பப் பெறவே முடியாதபடி ஹாஷ் செய்து வைக்க வேண்டும். அந்த ஹாஷும் வேண்டுமென்றே மெதுவானதாக இருக்க வேண்டும். 2012-ல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து கசிந்தவை சால்ட் (ஹாஷ் செய்யும் முன் பாஸ்வேர்டோடு சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) இல்லாத எஸ்எச்ஏ-1 ஹாஷ்கள். வேகமான ஹாஷ் என்பதால் அவற்றை உடைப்பது எளிதாக இருந்தது. அதே கசிவிலிருந்து 11 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் ஹாஷ்கள் 2016-ல் விற்பனைக்கு வந்தன.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆர்கான்2ஐடி என்ற மெதுவான ஹாஷ் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் சொல்லும் குறைந்தபட்ச அளவு 19 எம்பி நினைவகம், 2 சுற்று, 1 இழை. அது கிடைக்காத சூழலில் பிகிரிப்ட் என்ற பழைய முறை, காஸ்ட் (எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்ற அளவு) 10-க்குக் குறையாமல். ஒவ்வொருவருக்கும் தனி சால்ட் வேண்டும். இந்த நூலகங்கள் தாமாகவே சேர்த்துவிடும் என்பதால் நீங்கள் எழுத வேண்டியதில்லை.

தமிழ்ல பாஸ்வேர்டு வைக்க விடலாமா? பிரச்சினை வருமா?

விடலாம், விடவும் வேண்டும். ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும்.

முதலாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு உருவம். ‘கொ’ என்பதைச் சில கீபோர்டுகள் க, ொ என்று இரண்டு குறியீடாக அனுப்பும். வேறு சில க, ெ, ா என்று மூன்றாக அனுப்பும். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஹாஷ் மட்டும் வேறு. போனில் வைத்த பாஸ்வேர்டு லேப்டாப்பில் தவறு என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஹாஷ் செய்வதற்கு முன் இரண்டு உருவத்தையும் ஒன்றாக்கும் யுனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பதியும்போதும் சரிபார்க்கும்போதும் இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும். ‘ஔ’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடிப்பவர்களை இந்த மாற்றம் காப்பாற்றாது, அவை உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துகள். அதனால் அடித்ததைக் காட்டும் கண் பொத்தானைக் கட்டாயம் வையுங்கள்.

இரண்டாவது, நீளம். பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. எழுத்துகளைச் சேமிக்கும் வழக்கமான முறையான யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘பொன்னியாறு’ கண்ணுக்கு 5 எழுத்து, குறியீட்டுக் கணக்கில் 10, பைட்டில் 30. அதாவது நீளமான தமிழ் வாக்கியம் வைத்தால் 24 குறியீட்டோடு நின்றுவிடும். அதற்குப் பின் என்ன அடித்தாலும் கதவு திறக்கும். சில நூலகங்கள் பிழை காட்டும், பல சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆர்கான்2ஐடியில் இந்தத் தொல்லை கிடையாது.

பாஸ்வேர்டே வேண்டாம், எஸ்எம்எஸ் ஓடிபி மட்டும் வச்சா போதாதா? எல்லாருக்கும் பழகினதுதானே.

பழகியதுதான். பாஸ்வேர்டு நினைவில் நிற்காத பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. எளிய சேவைகளுக்குப் போதும். பணமோ மருத்துவத் தகவலோ இருந்தால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சிம் மாற்று மோசடி, எஸ்எம்எஸ் படிக்கும் போலி ஆப், ‘பேங்கிலிருந்து பேசுறேன், அந்த நம்பரைச் சொல்லுங்க’ என்ற அழைப்பு என மூன்று வழியில் ஓடிபி போகும். டெலிகாம் வலையமைப்பின் எஸ்எஸ்7 பலவீனத்தைப் பயன்படுத்தி ஓடிபியை வழியிலேயே திருப்பி வங்கிக் கணக்குகளைக் காலி செய்தது 2017-ல் ஜெர்மனியில் வெளிவந்தது. இந்தியாவில் இன்னொன்றும் உண்டு: மூடிய எண்ணை 90 நாளுக்குப் பின் வேறொருவருக்குக் கொடுக்கலாம். எண்தான் கணக்கு என்றால், புது சிம் வாங்கியவர் பழையவரின் கணக்குக்குள் போய் நிற்பார். நெடுநாள் வராத எண் புதுப் போனிலிருந்து வந்தால் பழைய தகவலைக் காட்டும் முன் இன்னொரு சான்று கேளுங்கள்.

கணக்கு இதுதான்: 6 இலக்கத்தில் 10 லட்சம் சாத்தியம். ஒரு ஓடிபிக்கு 5 முயற்சி என்றால் குருட்டாம்போக்கில் பிடிபட 2 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. ஆனால் ‘மறுபடி அனுப்பு’ அழுத்தும்போதெல்லாம் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குத் திரும்பினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். முயற்சியை ஓடிபிக்கு மட்டுமல்லாமல் போன் எண்ணுக்கும் சேர்த்து, நாள் அளவில் எண்ணுங்கள். உங்கள் பயனர்கள் இந்தியாவில் மட்டும் என்றால் +91 தவிர மற்றவற்றை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓடிபி கேட்கும் பக்கத்தை நிரல் வைத்து ஓயாமல் அழுத்தி, வெளிநாட்டு எண்களுக்கு ஆயிரக்கணக்கில் எஸ்எம்எஸ் அனுப்ப வைப்பார்கள். பில் உங்களுக்கு வரும்.

கோடு சரியா இருக்கு, கேட்வே ‘அனுப்பியாச்சு’ங்குது, ஆனா ஓடிபி வரமாட்டேங்குது. ஏன்?

முதலில் டிஎல்டி (டெலிகாம் நிறுவனங்களின் எஸ்எம்எஸ் பதிவுத் தளம்) டெம்ப்ளேட்டைப் பாருங்கள். இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ் எதுவானாலும் நிறுவனப் பெயர், அனுப்புநர் தலைப்பு, செய்தியின் வாசகம் மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பும் வாசகம் பதிந்ததோடு ஒரு புள்ளியிலோ இடைவெளியிலோ மாறினாலும் டெலிகாம் நிறுவனம் நிறுத்திவிடும். டெவலப்பர் ‘உங்கள்’ என்பதற்குப் பதில் ‘தங்கள்’ என்று திருத்தியிருப்பார், அவ்வளவுதான்.

தமிழில் அனுப்பினால் செலவும் கூடும். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து. தமிழில் யுனிகோடு என்பதால் 70 குறியீடு, அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. ‘உங்கள் சரிபார்ப்புக் குறியீடு 482913. யாரிடமும் பகிர வேண்டாம்’ என்ற அளவில் நிறுத்தினால் ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கும்.

ஈமெயில்ல லிங்க் அனுப்பி, கிளிக் பண்ணா உள்ள விடலாமா?

வாரம் ஒருமுறை வருகிறவர்களுக்கு நல்ல முறை. லிங்க் 10 முதல் 15 நிமிடம் வாழட்டும், ஒருமுறைதான் வேலை செய்யட்டும். சிக்கல் ஒன்றுண்டு: அலுவலக மெயில் சர்வர்கள் வைரஸ் சோதனைக்காக லிங்க்கைத் தாமே திறந்து பார்க்கும். பயனர் கிளிக் செய்யும்போது ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வரும். லிங்க் திறந்ததுமே உள்ளே விடாமல், ‘தொடர்க’ பொத்தானை அழுத்திய பிறகு டோக்கனை (லிங்க்கில் உள்ள ஒருமுறை ரகசியத்தை) செலவழியுங்கள். மெயில் ஆப்புக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் லாகின் ஆகி, வழக்கமான பிரவுசரில் ஆகாமல் குழம்புகிறவர்களுக்காக, அதே மெயிலில் 6 இலக்க எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

ஆதென்டிகேட்டர் ஆப்புல வர்ற எண் நெட் இல்லாமலே எப்படி மாறுது? அடிக்கடி ‘தவறு’ன்னு வருதே?

கியூஆர் ஸ்கேன் செய்தபோது ஒரு ரகசிய எண் போனுக்குள் போய்விட்டது. அதே எண் உங்கள் சர்வரிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் அதனோடு நேரத்தைச் சேர்த்து 30 விநாடிக்கு ஒருமுறை 6 இலக்கத்தைக் கணக்கிடுகின்றன. எனவே ‘தவறு’ என்றால் பெரும்பாலும் கடிகாரம்தான் காரணம். சர்வரின் நேரத்தை என்டிபி (இணையம் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) வழியே ஒத்திசையுங்கள். முன்னும் பின்னும் ஒரு 30 விநாடிக் கட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தளர்த்த வேண்டாம். ஒருமுறை ஏற்ற எண்ணை மறுபடி ஏற்கக் கூடாது. இந்த ரகசியத்தைப் பாஸ்வேர்டு போல ஹாஷ் செய்ய முடியாது, கணக்கிட மூல எண் வேண்டுமே. அதனால் தனிச் சாவியால் என்கிரிப்ட் செய்து வையுங்கள்.

எஸ்எம்எஸ்ஸைவிட இது மேல். ஆனால் போலித் தளத்தில் பயனரே எண்ணை அடித்துவிட்டால், அந்தத் தளம் அதை அடுத்த நொடி உண்மையான தளத்தில் போட்டு நுழைந்துவிடும். அதற்கு மருந்து பாஸ்கீதான்.

பாஸ்கீன்னா என்ன? அதை மட்டும் ஏன் ஏமாத்த முடியாதுங்கறாங்க?

பதியும்போது பயனரின் சாதனம் ஒரு ஜோடி சாவியை உருவாக்கும். ரகசியச் சாவி அவரிடமே இருக்கும், பொதுச் சாவி மட்டும் உங்கள் சர்வருக்கு வரும். லாகின் நேரத்தில் நீங்கள் ஒரு தற்செயல் எண் அனுப்புவீர்கள், சாதனம் அதில் கையெழுத்திட்டு அனுப்பும். அந்தச் சாவி உங்கள் டொமைனோடு கட்டப்பட்டது. ஒரே ஒரு எழுத்து மாறிய போலி டொமைனில் மனிதர் ஏமாறலாம், பிரவுசர் அந்தச் சாவியை எடுத்தே தராது. 2022 ஜூலையில் இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் ஊழியர்களுக்குப் போலி லாகின் பக்கத்தோடு எஸ்எம்எஸ்கள் வந்தன. மூன்று பேர் பாஸ்வேர்டைக் கொடுத்தும்விட்டார்கள். அங்கே எல்லோருக்கும் இதே நுட்பத்தில் இயங்கும் செக்யூரிட்டி கீ கட்டாயம் என்பதால் திருடர்களால் உள்ளே போக முடியவில்லை.

கவனிக்க வேண்டியவை: டொமைன் பெயரை முதலிலேயே முடிவு செய்யுங்கள், பின்னால் மாற்றினால் பதிந்த பாஸ்கீகள் வீணாகும். பதியும்போது துணை டொமைனைக் கொடுக்காமல் மூல டொமைனைக் கொடுத்தால் எல்லாத் துணை டொமைனிலும் வேலை செய்யும். ஒரு கணக்குக்குப் பல பாஸ்கீ சேர்க்க இடம் வையுங்கள். கையெழுத்து எண்ணிக்கை (அந்தச் சாவி எத்தனை முறை கையெழுத்திட்டது என்ற எண்) எப்போதும் 0 என்று வந்தால் பிழை என்று எண்ணாதீர்கள்; கூகுள், ஆப்பிள் கணக்கில் ஒத்திசையும் பாஸ்கீகள் அப்படித்தான் அனுப்பும். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் போனை வைத்துக் கியூஆர் வழியே நுழைய இரண்டிலும் புளூடூத் வேண்டும். அது இல்லாத இடங்கள் நிறைய, எனவே வேறொரு வழியும் வையுங்கள்.

அப்போ என் கைரேகை உங்க சர்வருக்கு வருதா?

வராது. கைரேகையும் முகமும் போனுக்குள்ளேயே சரிபார்க்கப்படும். அது மேலே சொன்ன ரகசியச் சாவியைத் திறக்கும் பூட்டு, அவ்வளவே. இதை லாகின் திரையில் ஒரு வரியில் தமிழில் எழுதிவிடுங்கள். பயந்து விலகுகிறவர்கள் குறைவார்கள்.

கூகுள் லாகின் வச்சா வேலை மிச்சம்தானே? எதுல மாட்டுவோம்?

வேலை மிச்சம்தான். மாட்டும் இடங்கள் நான்கு. ஒன்று, பயனரை ஈமெயிலால் அடையாளம் காணாதீர்கள், ஈமெயில் மாறும். கூகுள் அனுப்பும் ஐடி டோக்கனில் (பயனர் யார் என்று சொல்லும் சான்றில்) வரும் ‘சப்’ என்ற மதிப்பு மாறாதது, அதையே சேமியுங்கள். இரண்டு, ஆப்புக்குள் வெப்வியூ (ஆப்புக்குள்ளேயே இணையப் பக்கம் காட்டும் சட்டம்) வைத்துக் கூகுள் லாகினைத் திறந்தால் கூகுள் மறுத்துவிடும். போனின் பிரவுசர் வழியாகவோ அவர்கள் தரும் நிரல் தொகுப்பான எஸ்டிகே வழியாகவோ போங்கள். மூன்று, ஐபோன் ஆப்பில் இப்படி வெளி லாகின் வைத்தால், ஈமெயிலை மறைக்கும் வசதியுள்ள இன்னொரு லாகினும் வைக்க வேண்டும் என்பது ஆப் ஸ்டோர் விதி.

நான்காவதுதான் ஆபத்தானது. கெட்ட எண்ணம் உள்ளவர் உங்கள் பயனரின் ஈமெயிலில், சரிபார்க்காமலே, பாஸ்வேர்டு வைத்து முன்கூட்டியே கணக்கு தொடங்கிவிடுவார். பிறகு உண்மையானவர் கூகுள் வழியே வருவார். ஈமெயில் ஒன்றுதானே என்று நிரல் இரண்டையும் இணைத்தால், ஒரே கணக்குக்கு இரண்டு பேரிடம் சாவி. ஈமெயில் சரிபார்க்கப்படாத கணக்கோடு எதையும் இணைக்காதீர்கள். பழைய பாஸ்வேர்டையும் செஷன்களையும் அழித்துவிட்டுத்தான் உரியவரிடம் கொடுக்க வேண்டும்.

லாகின் ஆனபிறகு செஷன் குக்கியா, ஜேடபிள்யூடியா?

செஷன் குக்கி என்றால் பிரவுசரில் ஒரு எண் மட்டும், விவரம் உங்கள் சர்வரில். ஜேடபிள்யூடி என்றால் விவரத்தையே உள்ளே வைத்துக் கையெழுத்திட்டுத் தரும் டோக்கன். ஒரே சர்வர், ஒரே இணையதளம் என்றால் செஷன் குக்கி. எச்டிடிபி-ஒன்லி, செக்யூர், சேம்-சைட் என்ற மூன்று பாதுகாப்புக் குறிகளையும் குக்கியில் போடுங்கள். லாகின் ஆனதும் செஷன் எண்ணைப் புதிதாக்குங்கள். ஜேடபிள்யூடியின் குறை, கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. ‘எல்லா சாதனத்திலிருந்தும் வெளியேறு’ என்று பயனர் அழுத்திய பிறகும் காலாவதியாகும் வரை அது செல்லும். பல சர்வர்கள் இருப்பதால் அதுதான் வேண்டும் என்றால் 5 முதல் 15 நிமிட ஆயுள் கொடுத்து, ரத்துசெய்யக்கூடிய ரெஃப்ரெஷ் டோக்கனோடு (காலாவதியானதும் புதிதாக வாங்கித்தரும் டோக்கன்) வையுங்கள். டோக்கனைப் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைக்காதீர்கள், பக்கத்துக்குள் நுழைந்த எந்த ஜாவாஸ்கிரிப்டும் அதைப் படிக்கும்.

கடையில ஒரே டேப்லட், ஷிஃப்டுக்கு நாலு பேர். ஒவ்வொருத்தரும் ஓடிபி போடணுமா?

வேண்டாம். போட வைத்தால் காலையில் ஒருவர் நுழைந்து, இரவு வரை எல்லோரும் அவர் பெயரிலேயே பில் போடுவார்கள். முதலில் டேப்லட்டை உரிமையாளர் ஒருமுறை வலுவாகப் பதியட்டும். பிறகு ஊழியர்கள் பெயரைத் தொட்டு 4 அல்லது 6 இலக்க பின் எண்ணை அடிக்கட்டும். அந்தப் பின் எண், பதிந்த டேப்லட்டில் மட்டுமே செல்ல வேண்டும், வெளியிலிருந்து அதனால் எதுவும் திறக்கக் கூடாது. பில் முடிந்து 2 நிமிடம் யாரும் தொடாவிட்டால் பெயர்ப் பட்டியலுக்குத் திரும்பட்டும். பில் ரத்து, தள்ளுபடி போன்றவற்றுக்கு மேற்பார்வையாளரின் பின் எண்ணைத் தனியாகக் கேளுங்கள்.

போன் தொலைஞ்சுபோச்சு, உள்ள போக முடியலைன்னு பயனர் கூப்பிட்டா என்ன செய்யறது?

இதற்கு விடை எழுதி முடித்த பிறகுதான் மற்ற எதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பாஸ்கீ வைத்துவிட்டு, மறந்தால் எஸ்எம்எஸ் ஓடிபி போதும் என்று விட்டால், உங்கள் கணக்கின் பலம் எஸ்எம்எஸ்ஸின் பலம்தான். திருடர் பாஸ்கீ பக்கம் வரவே மாட்டார், நேராக ‘மறந்துவிட்டேன்’ பொத்தானுக்குப் போவார்.

இரண்டாவது காவலைப் பதியும்போதே 10 மீட்புக் குறியீடுகள் கொடுங்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைக்குத்தான், ஹாஷ் செய்தே சேமியுங்கள். ‘எழுதி வைத்தேன்’ என்று டிக் செய்ய வைப்பதோடு நிறுத்தாமல், அதில் ஒன்றை உடனே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஈமெயில் வழி ரீசெட் என்றால் 32 பைட் தற்செயல் டோக்கன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயுள் வேண்டாம், டேட்டாபேஸில் அதன் ஹாஷ் மட்டும். கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதிலைக் காட்டுங்கள். ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்பது திருடருக்குத் தகவல். ரீசெட் முடிந்ததும் எல்லாச் செஷனையும் முடித்து, பழைய ஈமெயிலுக்கும் எண்ணுக்கும் செய்தி அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் தொலைத்தவருக்கு ஆள்வழி உதவிதான். அங்கே பிறந்தநாள், அம்மா பெயர் கேட்டு விட்டுவிடாதீர்கள். அவை ஊருக்கே தெரியும். கோரிக்கையைப் பதிந்து, தெரிந்த எல்லா முகவரிக்கும் ‘உங்கள் கணக்கை மீட்கக் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் இல்லை என்றால் இங்கே தடுங்கள்’ என்று அனுப்பி, 48 மணி நேரம் காத்திருந்து திறங்கள். உதவி மையத்தில் இருப்பவரிடம் எவ்வளவு கெஞ்சினாலும் அவரால் அந்த 48 மணி நேரத்தைக் குறைக்க முடியாதபடி நிரலிலேயே பூட்டுங்கள். அழுத்தம் முழுவதும் அவர்மேல் விழுவது நியாயமில்லை.

ஆதார் ஓடிபியையே லாகினா வைக்கலாமா?

உங்கள் விருப்பத்துக்கு வைக்க முடியாது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட 57-வது பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்தது. ஆதார் சரிபார்ப்புக்கு ஆதார் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதைவிட, தேவையும் இல்லை. ஒருவரின் சட்டப்படியான அடையாளம் வேறு, நேற்று வந்த அதே ஆள்தானா என்று பார்ப்பது வேறு. லாகினுக்கு இரண்டாவது போதும்.

எங்க சர்வர் இன்னொரு சர்வரோட பேசணும். அதுக்கும் யூசர்நேம் பாஸ்வேர்டா?

மனிதருக்கான கணக்கை நிரலுக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஊழியர் பாஸ்வேர்டை மாற்றும் நாளில் எல்லாம் நிற்கும். 32 பைட் ஏபிஐ கீ (நிரலுக்கென்று தரும் ரகசியச் சாவி) அல்லது ஓஆத்தின் கிளையன்ட் கிரெடென்ஷியல் முறை (நிரல் தன் ரகசியத்தைக் காட்டித் தற்காலிக டோக்கன் வாங்குவது) வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கீ செல்லும்படி வைத்தால், சேவை நிற்காமல் மாற்றலாம். எந்த ரகசியத்தையும் ஆண்ட்ராய்டு ஆப்புக்குள் பொதிந்து அனுப்பாதீர்கள், ஏபிகே கோப்பைப் பிரித்துப் பார்க்க சில நிமிடம் போதும்.

பழைய சாஃப்ட்வேர்ல பாஸ்வேர்டெல்லாம் எம்டி5-ல இருக்கு. எல்லாரையும் மாத்தச் சொல்லாம சரிபண்ண முடியுமா?

முடியும். இருக்கும் எம்டி5 (பழைய, வேகமான வகை) ஹாஷையே பாஸ்வேர்டாகக் கருதி, ஒவ்வொன்றையும் ஆர்கான்2ஐடிக்குள் போட்டு எடுங்கள். ஒரே இரவில் மொத்த அட்டவணைக்கும் செய்யலாம், பயனர் யாரும் வர வேண்டியதில்லை. எந்த வகை ஹாஷ் என்று குறிக்க ஒரு நெடுவரிசை சேருங்கள். அடுத்த முறை அவர் லாகின் செய்யும்போது உண்மையான பாஸ்வேர்டு கைக்கு வரும். சரிபார்த்ததும் அதை நேரடியாக ஆர்கான்2ஐடி செய்து, குறியை மாற்றிவிடுங்கள்.

கெடுவது எங்கே என்றால், எம்டி5 விடையைப் பழைய நிரல் பெரிய எழுத்தில் சேமித்து, புதிய நிரல் சிறிய எழுத்தில் கணக்கிடும். ஒருவராலும் நுழைய முடியாது. பழைய நிரல் பாஸ்வேர்டின் முன்பின் இடைவெளியை வெட்டியிருந்தால் நீங்களும் அந்தப் பழைய ஹாஷ்களுக்கு வெட்ட வேண்டும். 10 சோதனைக் கணக்கில் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் ஓட்டுங்கள். ஓட்டி முடித்து ஒரு வாரம் சரியாக ஓடிய பிறகு, எம்டி5 இருக்கும் பழைய பேக்கப்களைத் தேடி அழியுங்கள்: சர்வரில், டெவலப்பர்களின் லேப்டாப்பில், மெயிலில் அனுப்பிய டேட்டாபேஸ் கோப்பில், அலமாரியில் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கில்.